பத்து ரூபாய்க்கு வந்த ரூபிள்: ஒரு நடத்துனரின் ஆறு வருடக் காசு நோட்டு

2017 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வரும் அரசுப் பேருந்து பாறசாலையைத் தாண்டிக் களியக்காவிளைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. நான் தினமும் குழித்துறையில் ஏறி இறங்குகிறவன். நடத்துனருக்குப் பின்னிருக்கை எனக்குப் பட்டா போட்ட இடம் மாதிரி. நடத்துனர் அண்ணாச்சி பையிலிருந்த சில்லறையை மடியில் கொட்டி எண்ணிக்கொண்டிருந்தார். பத்து ரூபாய் காசுகளை அடுக்கிக்கொண்டே வந்த கை ஒன்றில் நின்றது.

"மக்கா, இதப் பாரு. சிங்கத்தக் காணல."

வெளிவட்டம் மஞ்சள், நடுவட்டம் வெள்ளை, நடுவில் 10. நம் பத்து ரூபாய் காசு 27 மில்லிமீட்டர் அகலம்; இதுவும் அதே 27. அவசரத்தில் யாரும் ஏமாறலாம். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது பூஜ்ஜியத்துக்குள் கோடு கோடாக இருந்த இடத்தில் ஒரு சிறிய 10 தெரிந்தது. இன்னொரு பக்கம் சாய்த்தால் அது மறைந்து மூன்று எழுத்து தெரிந்தது. ரஷ்யாவின் பத்து ரூபிள். பழைய நகரங்கள் வரிசையில் 2005இல் கசான் நகரத்துக்காக வெளியிட்டது. கோவளத்தில் யாரோ ஒரு ரஷ்யர் தெரியாமல் கொடுத்து, கடைக்காரர் தெரியாமல் வாங்கி, பயணி ஒருவர் தெரிந்தோ தெரியாமலோ அண்ணாச்சி தலையில் கட்டியிருக்கிறார்.

அந்தச் சமயத்தில் தமிழ்நாட்டுக் கடைகளில் அசல் பத்து ரூபாய் காசையே வாங்கமாட்டார்கள், நினைவிருக்கிறதா? பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கை விட்டும் பெட்டிக்கடையில் தலையை ஆட்டினார்கள். எல்லை தாண்டினால் கேரளத்தில் தாராளமாக வாங்குவார்கள். அதனால் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் வந்த பத்து ரூபாய் காசெல்லாம் அடுத்த நடையில் அந்தப் பக்கமே போய்விடும். இந்த ஒன்று மட்டும் போகவில்லை. அண்ணாச்சி தன் சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாய் எடுத்துப் பேருந்துப் பையில் போட்டுவிட்டு ரூபிளை எடுத்துக்கொண்டார். அன்று ராத்திரி மகளின் பழைய கணக்கு நோட்டில் முதல் வரி எழுதினார்: "ரசியா 10. விலை ரூ. 10."

அந்த நோட்டுதான் இந்தக் கட்டுரைக்கு அடிப்படை. 2017 ஆகஸ்டிலிருந்து 2023 ஜூலை வரை ஆறு வருடத்தில் 187 காசு, மொத்தச் செலவு 31,640 ரூபாய். பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. காசுகளை நானும் அவருமாக மறுபடி எடை போட்டு நோட்டோடு ஒத்துப் பார்த்தோம். வரவுசெலவு அவருடையது, கருத்து என்னுடையது.

அவர் போட்டுக்கொண்ட வரம்பு மாதம் ஐநூறு ரூபாய். வாங்காத மாதத்துக்கான பணம் அடுத்த மாதத்தோடு சேரும். கடன் வாங்கி மட்டும் வாங்கக் கூடாது. மைனி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, வைத்த சட்டம் அது, அவர் போட்டது என்று சொல்லிக்கொண்டாலும். ஐநூறு ரூபாயில் ரஷ்யா, ஜப்பான் என்று இறங்குவது கேட்பதற்குக் கொஞ்சம் கிறுக்குத்தனம்தான். திருவிதாங்கூர்க் காசு சேர்க்கலாமே, ஊர்க் காசாயிற்றே என்று நானே கேட்டிருக்கிறேன். அதற்கு அவர் சொன்ன பதில் நியாயமாகப் பட்டது. ஊர்க் காசின் விலை ஊர்க்காரன் எல்லாருக்கும் தெரியும். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் ஒரு சக்கரத்தை, அதாவது பழைய திருவிதாங்கூர்ச் சில்லறைக் காசை, கையில் எடுத்தாலே கடைக்காரன் முகம் மாறிவிடும். வெளிநாட்டுக் காசுத் தட்டில் கைவிட்டால் அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஆனால் அவருக்குக் கைகொடுத்ததே ஊர்க் காசு கற்றுக்கொடுத்த பழக்கம்தான். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஆண்டைக் கழித்துக் கூட்டிப் படிப்பது புதிது அல்ல. திருவிதாங்கூர் அரை ரூபாயில் இருக்கும் ஆண்டு கொல்லம் ஆண்டு. அதோடு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும், சில மாதங்களுக்கு 824. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டுதான் கண்ணில் படும். அண்ணாச்சியின் அம்மா கடைசிவரை சக்கரத்தில் கணக்குச் சொன்னவர்: பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய். பிரிட்டிஷ் ரூபாயாக இருந்தால் 28 சக்கரமும் எட்டு காசும். இப்படி வளர்ந்தவருக்கு ஜப்பான் காசின் ஆண்டு ஒன்றும் பூதமாகத் தெரியவில்லை.

ஜப்பானில் அரசர் மாறினால் ஆண்டுக் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். மெய்ஜி என்றால் 1867 கூட்டு, தைஷோ 1911, ஷோவா 1925, ஹெய்செய் 1988, இப்போது நடக்கும் ரெய்வா 2018. அரசர் பெயரைக் குறிக்கும் இரண்டிரண்டு எழுத்துகளைப் படமாக மனதில் வைத்துக்கொண்டால் போதும். எண்கள் இன்னும் சுலபம். ஒன்று ஒரு கிடைக்கோடு, இரண்டு இரண்டு கோடு, மூன்று மூன்று கோடு, பத்து ஒரு கூட்டல் குறி. முப்பத்து மூன்று என்பது மூன்று கோடு, கூட்டல், மூன்று கோடு. மீதி ஆறு எண்களை டிக்கெட் கட்டின் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, தக்கலையில் வண்டி நிற்கும் ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் செய்தார். போருக்கு முந்திய காசில் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அது ஒன்றில்தான் இரண்டு மாதம் தடுமாறினார்.

படிக்கத் தெரிந்ததும் நடந்ததுதான் எனக்கு இந்த நோட்டில் பிடித்த இடம்.

திருவனந்தபுரத்தில் ஒரு காசு வியாபாரி, வெளிநாட்டுக் காசுகளை ஒரு அலுமினியத் தட்டில் கொட்டி எது எடுத்தாலும் இருபது ரூபாய் என்று வைத்திருப்பார். வண்டி திரும்ப நாற்பது நிமிடம் இருக்கும். அண்ணாச்சி டீயை விட்டுவிட்டு அங்கே போவார். 2018 நோட்டு முழுக்க அந்தத் தட்டுதான். முதலில் பத்து யென் காசுகள். ஒரு பக்கம் உஜி ஊரின் பியோதோஇன் கோயில், மறுபக்கம் இலை வளையத்துக்குள் 10, அதன் கீழே ஆண்டு. 1951 முதல் 1958 வரை அடித்த பத்து யென்னுக்கு விளிம்பில் வரி உண்டு, நடுவில் 1956 மட்டும் கிடையாது. அதற்கப்புறம் வந்தவை வழவழப்பு. நகத்தால் விளிம்பை உரசிப் பார்த்தே பிரித்துவிடலாம், கண்கூட வேண்டாம். அதில் 1958, அதாவது அந்த "மூன்று கோடு, கூட்டல், மூன்று கோடு", இரண்டரைக் கோடிதான் அடித்தது. நம் கணக்குக்கு இரண்டரைக் கோடி பெரிய எண்ணாகத் தெரியும். ஜப்பானில் பத்து யென் வருடத்துக்கு நூறு கோடி, நூற்றைம்பது கோடி என்று அடித்த காலமும் உண்டு. இருபது ரூபாய் கொடுத்து வாங்கியதை நூறு ரூபாய்க்கு விற்கலாம், அவ்வளவுதான். புதையல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதே தட்டில் ஷோவா 64 என்று போட்ட ஐந்து யென் ஒன்றும் கிடைத்தது. அரசர் ஹிரோஹிதோ 1989 ஜனவரி 7 அன்று காலமானார். ஆகவே ஷோவா 64 என்ற ஆண்டுக்கு ஆயுள் ஏழே நாள். ஏழு நாள் ஆண்டு என்றதும் அபூர்வம் என்று வலைத்தளங்களில் விலை ஏற்றுகிறார்கள். ஆனால் அந்த ஆண்டு எண்ணோடு ஐந்து யென் மட்டும் 6 கோடியே 73 லட்சம் இருக்கிறது. கதை அபூர்வம், காசு அபூர்வம் அல்ல. அண்ணாச்சி நோட்டில் அதற்கு எதிரே "கதைக்கு ரூ. 20" என்று எழுதியிருக்கிறார்.

அப்புறம்தான் அந்த ஐம்பது யென். 2019 பிப்ரவரி. நடுவில் வட்டத் துளை போட்ட, 25 மில்லிமீட்டர் அகலமான பெரிய காசு. இன்றைய ஐம்பது யென் இதைவிடச் சிறியது. இந்தப் பழைய அளவில் 1955இல் முதலில் வந்தபோது துளை கிடையாது. வெள்ளை நிறத்தில் நூறு யென்னும் வந்துவிட, இரண்டையும் ஜனங்கள் மாற்றிக் கொடுத்துக் குழம்பியதால் 1959இல் துளை போட்டார்கள். பத்து ரூபாய்க்குப் பத்து ரூபிள் வாங்கினவருக்கு இந்தக் கதை சட்டென்று மனதில் ஒட்டியதில் ஆச்சரியமில்லை. சுத்த நிக்கல் என்பதால் காந்தம் கவ்வும்; சாவிக்கொத்தில் ஒரு சின்னக் காந்தம் கட்டி வைத்திருந்தார், கவ்வியது. ஆண்டு: மூன்று கோடு, கூட்டல், ஐந்து. ஷோவா 35, அதாவது 1960. அந்த வருடம் அறுபது லட்சம்தான் அடித்தது. துளை போட்ட அந்த வரிசையில் ஆகக் குறைவு இதுதான். ஜப்பானிலேயே கொஞ்சம் நல்ல நிலையில் இருந்தால் ஆயிரத்துக்கு மேல் நம் பணம் கேட்கிற காசு, இருபது ரூபாய்த் தட்டில் ஒரு கென்யச் சில்லிங்குக்கும் இலங்கை இரண்டு ரூபாய்க்கும் நடுவில் கிடந்தது.

"கை நடுங்கிச்சு மக்கா. அவனுக்குத் தெரிஞ்சிரப்பிடாதுன்னு கூட ரெண்டு சப்பக் காச எடுத்து அறுபது ரூவா குடுத்துட்டு வந்தேன்."

அந்த இரண்டு "சப்பக் காசு" எவை என்று பார்த்தேன். அவற்றில் ஒன்று 1964 ஒலிம்பிக் நூறு யென், அறுபது சதவீதம் வெள்ளி. 1957 முதல் 1966 வரையான நூறு யென் எல்லாம் 4.8 கிராம் எடையில் அதே கலவைதான். வியாபாரிக்கு இதுவும் தெரியவில்லை.

பழைய ஜப்பானியத் துளைக் காசுகளையும் இதே மாதிரி படித்துத்தான் பிடித்தார். கன்எய் சூஹோ என்று நான்கு எழுத்து போட்ட, நடுவில் சதுரத் துளையுள்ள செம்புக் காசு. 1636இலிருந்து இருநூறு வருடத்துக்கும் மேல் வார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதனால் நூறு, நூற்றிருபது ரூபாய்க்கு ஒன்று கிடைக்கும். முந்நூறு வருடப் பழமைக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. துளைக்கு இடப்பக்கத்து எழுத்தின் காலடியில் இரண்டு சிறு கோடு இருக்கும். அவை ஒன்றோடொன்று ஒட்டி நின்றால் 1668க்கு முந்திய பழையது, கால் அகட்டி நின்றால் புதியது. பின்பக்கம் அலை போட்டிருந்தால் நான்கு மோன் மதிப்புள்ள காசு. 1768இல் முதலில் வந்தபோது 21 அலை. அடுத்த வருடமே 11 அலையாகக் குறைத்துவிட்டார்கள். அண்ணாச்சி ஒரு கண்காட்சியில் 23 காசை மொத்தமாக 2,760 ரூபாய்க்கு வாங்கி, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அலை எண்ணினார். இருபத்திரண்டு காசில் ஒன்றுமில்லை. கடைசிக் காசில் 21.

ரஷ்யக் காசுக்கு வருவோம். அது இந்தப் பகுதிக்கு வரும் வழிகள் இரண்டு. ஒன்று கோவளம், வர்க்கலைக் கடற்கரை. இன்னொன்று கூடங்குளம். 1988இல் ஒப்பந்தம் போட்டு 2002இல் கட்டத் தொடங்கிய அணுமின் நிலையத்துக்காக ரஷ்யப் பொறியாளர் குடும்பங்கள் வருடக்கணக்கில் அங்கே தங்குகின்றன. வெளிநாட்டுப் பணநோட்டை மாற்றித் தரும் கடைகள் சில்லறையை வாங்குவதில்லை. ஆகவே ஊருக்குத் திரும்புகிறவர்கள் அதை வேலைக்காரம்மாவிடமோ ஆட்டோக்காரரிடமோ கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கோவளத்தில் ஒரு சங்குமாலைக் கடைக்காரர் ஊறுகாய் பாட்டில் நிறைய அதைச் சேர்த்து வைத்திருந்தார். அண்ணாச்சி அந்தப் பாட்டிலை முந்நூறு ரூபாய்க்கு அப்படியே வாங்கிவிட்டார்.

பாட்டிலில் தேடியது 2003 என்று போட்டு, கழுகின் நகத்துக்குக் கீழே பீட்டர்ஸ்பர்க் நாணய அச்சகத்தின் குறி உள்ள ஒன்று, இரண்டு, ஐந்து ரூபிள். நவீன ரஷ்யக் காசில் எல்லாரும் தேடுவது இவற்றைத்தான். இன்னும் மூன்று, ரஷ்யப் பகுதிகளின் பெயரில் 2010இல் வந்த பத்து ரூபிள்: செச்சனியா, யமால்-நெனெத்ஸ் இரண்டும் ஒவ்வொரு லட்சம், பெர்ம் இரண்டு லட்சம்தான் அடித்தது. கிடைத்ததா என்றால், இல்லை. கிடைத்தது 2000ஆம் ஆண்டின் இரண்டு ரூபிள் வீர நகரங்கள் வரிசையில் ஏழில் நான்கு, 2001இன் ககாரின் இரண்டு ரூபிள் ஒன்று, மீதியெல்லாம் துருப்பிடித்த கோபெக். ஆனாலும் எழுத்துகள் அந்தப் பாட்டிலில்தான் படிய ஆரம்பித்தன. ஆங்கில பி மாதிரி இருப்பது ர, ஆங்கில சி மாதிரி இருப்பது ஸ, எச் மாதிரி இருப்பது ந.

அந்த எழுத்துப் பயிற்சிக்குப் பலன் கிடைத்தது நூல் மாதிரி மெல்லிய வெள்ளிக் கோபெக்குகளில். எனக்குக் கேட்டால், குறைந்த பணத்தில் ரஷ்யாவைத் தொட விரும்புகிறவர் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். நிக்கோலாய் மன்னர் காலத்து வெள்ளி ரூபிளை அல்ல. வெள்ளிக் கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கி, தட்டையாக்கி, மேலும் கீழும் அச்சு வைத்து அடித்தது. 1535 சீர்திருத்தத்திலிருந்து பேதுரு மன்னர் 1718இல் நிறுத்தும் வரை இதே முறை. குதிரை மேல் ஈட்டியோடு ஒரு வீரன். ஈட்டிக்கு ரஷ்ய மொழியில் கொப்யோ, அதிலிருந்துதான் கோபெக் என்ற பெயர். ரஷ்யாவில் இதை மீன் செதில் என்பார்கள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் நெத்திலி ஆய்ந்த பிறகு கையில் ஒட்டியிருக்குமே, அப்படியேதான் இருக்கிறது. பேதுரு காலத்துக் கோபெக் ஒன்றின் எடை 0.28 கிராம். மூச்சு விட்டால் பறக்கும், மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும்.

அச்சு பெரியது, வெள்ளித் துண்டு சிறியது. அதனால் எந்தக் காசிலும் முழுப்படம் விழாது; ஒன்றில் குதிரைக்குத் தலை இருக்காது, இன்னொன்றில் வீரனுக்கு. 1696இலிருந்து குதிரைக்குக் கீழே ஆண்டு போட்டார்கள், அதுவும் எழுத்தில். நாம் க என்றால் 1, உ என்றால் 2 என்று எழுதியது போல அவர்களும் எழுத்தையே எண்ணாக வைத்திருந்தார்கள். உலகம் தோன்றியதிலிருந்து எண்ணிய ஆண்டு அது; 5508 கழிக்க வேண்டும். ஆயிரத்தை எழுதமாட்டார்கள். 204 என்று இருந்தால் 7204, அதில் 5508 போனால் 1696. கொல்லம் ஆண்டுக்குக் கூட்டிப் பழகியவர் இங்கே கழித்தார். நான்கு கோபெக் மொத்தம் 2,900 ரூபாய்க்கு வாங்கியதில் ஒன்றில் ஆண்டு முழுசாக விழுந்திருந்தது. விற்றவர் அதற்கென்று தனி விலை கேட்கவில்லை.

அவர் அம்மா வைத்திருந்த பணப்பலகை ஒன்று வீட்டில் இருக்கிறது. உள்ளங்கையகலப் பலகை, வரிசையாகச் சின்னக் குழிகள். பழைய வெள்ளிச் சக்கரம் மிளகை நசுக்கியது மாதிரி இருக்கும். அள்ளிப் போட்டு ஒரு குலுக்கு குலுக்கினால் குழிக்கு ஒன்றாக உட்காரும், மிச்சத்தை வழித்துவிட்டால் எண்ண வேண்டிய வேலையே இல்லை. கோபெக்கை அதில் போட்டுப் பார்த்தோம். உட்காரவில்லை, நீளம் கொஞ்சம் அதிகம். நெடுமங்காட்டுக் கோயிக்கல் கொட்டாரத்தில் நாணய அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் சக்கரத்தின் சிறுமையைக் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம்.

கோபெக்கின் எதிர் துருவம் கத்தரீனா அரசியின் ஐந்து கோபெக். ஒரு பூத் செம்பில், அதாவது 16.38 கிலோவில், பதினாறு ரூபிளுக்குக் காசு அடித்தார்கள். ரூபிளுக்கு இருபது வீதம் 320 காசு. வகுத்தால் ஒன்று 51 கிராம். சட்டைப் பையில் போட்டால் பை தொங்கும். அண்ணாச்சியின் காசு 1785, எக்கத்தெரின்பூர்க் அச்சகம், 2,100 ரூபாய். பழுப்பும் சாக்லேட்டும் கலந்த நிறத்தில் கழுகின் இறகு இறகாகத் தெரியும் நல்ல காசு. தெரியும் அல்ல, தெரிந்தது.

அந்தக் கார்த்திகைக்கு மைனி குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கினார். மேசையில் கிடந்த அழுக்குச் செம்பையும் சேர்த்து விளக்கினார். சாயங்காலம் அண்ணாச்சி வந்தபோது கத்தரீனா புதுச் செப்புக்குடம் மாதிரி பளபளவென்று விளக்குக்குப் பக்கத்தில் இருந்தது. மைனிக்குச் சந்தோஷம். இருநூறு வருடத்தில் படிந்த அந்த நிறம்தான் காசின் பாதி விலை. அது போனால் இன்னொரு இருநூறு வருடம் காத்திருக்க வேண்டும். நோட்டில் அந்த வரிக்கு எதிரே புதிதாக எதுவும் எழுதவில்லை, விலையை மட்டும் ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறார். மைனியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கருத்துக் கிடக்கிற செம்பைப் பார்த்தால் நம் வீட்டில் வேறென்ன செய்வார்கள்? காசைத் துலக்காதீர்கள் என்று வீட்டில் ஒருவரிடமாவது முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு கேடு பிளாஸ்டிக் உறையால் வந்தது. மலிவான மெத்தென்ற பிவிசி உறையில் இரண்டு மழைக்காலம் இருந்த செம்புக் காசுகளில் பச்சையாகப் பிசுபிசுப்பு கட்டியது. எங்கள் ஊருக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. காற்று காய்வதே இல்லை. ஏழு காசு போயிற்று. இப்போது அட்டை உறைக்கு மாறிவிட்டார்.

இனி அந்த இரண்டு பெரிய தப்புகள். ஒன்று 3,500 ரூபாய், இன்னொன்று 2,800. சேர்ந்து 6,300, ஆறு வருடச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு.

முதலாவது லெனின். 1970இல் அவருடைய நூற்றாண்டுக்கு வெளியிட்ட ஒரு ரூபிள். ஒரு கண்காட்சியில் அதை "வெள்ளி, கம்யூனிஸ்ட் கட்சிக்காரங்களுக்கு மட்டும் குடுத்தது" என்று சொல்லி விற்றார்கள். காசு அசல்தான், பேச்சுதான் போலி. அது செம்பும் நிக்கலும் கலந்தது. அடித்தது பத்துக் கோடி. இருநூறு ரூபாய் கொடுத்தாலே அதிகம். அண்ணாச்சிக்கு அப்போது ரஷ்ய எழுத்து நன்றாகப் படிக்க வரும். ஆனால் காசைப் படிக்காமல் வியாபாரியின் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அப்பா பழைய கட்சிக்காரர், லெனின் படம் வீட்டில் மாட்டியிருந்தது. இந்த மாதிரி இடத்தில்தான் எல்லாருக்கும் பணம் போகிறது.

இரண்டாவது தப்பில் எனக்கும் பங்கு உண்டு. ஒரு சுற்றுலாத் தலத்தில், ஜப்பானின் ஒரு யென் வெள்ளிக் காசு. ஒரு பக்கம் பாம்பு மாதிரி சுருண்ட டிராகன், மெய்ஜி 3 என்று ஆண்டு. ஹாங்காங்கில் 1866இல் திறந்து இரண்டே வருடத்தில் மூடிய அச்சகத்தின் இயந்திரங்களை விலைக்கு வாங்கித்தான் ஜப்பான் தன் ஒசாகா அச்சகத்தை 1871இல் திறந்தது என்று அன்று நான்தான் பெரிய மனிதன் மாதிரி கதை சொன்னேன். கதையில் மயங்கி 2,800 கொடுத்தார். உண்மையான டிராகன் யென் அந்த விலைக்கு வரவே வராது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து எடை போட்டோம். நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சின்ன மின் தராசு, 350 ரூபாய். அதை நம்பலாமா என்று பார்க்க அண்ணாச்சி ஒரு யென் காசுகளை வைத்திருந்தார். ஒரு யென் சுத்த அலுமினியம், எடை சரியாக ஒரு கிராம். இருபது காசை அடுக்கினால் 20.00 காட்ட வேண்டும், காட்டியது. டிராகனை வைத்தோம்: 22.47. இருக்க வேண்டியது 26.96. அப்போதே முடிந்துவிட்டது. இருந்தாலும் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்து, தராசைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, காசை நூலில் கட்டி அடியிலும் ஓரத்திலும் இடிக்காமல் முழுக்கத் தண்ணீருக்குள் தொங்கவிட்டோம். நூலில் ஒட்டியிருந்த காற்றுக் குமிழிகளைத் தட்டிவிட்டபின் காட்டியது 2.61. 22.47ஐ 2.61ஆல் வகுத்தால் 8.6. தொண்ணூறு சதவீத வெள்ளிக்கு 10.3 வர வேண்டும். இது பித்தளைப் பக்கம்.

அந்த 2.61ஐக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையான 26.96ஐ 10.3ஆல் வகுத்தாலும் 2.62தான் வருகிறது. அதாவது அளவில் ஒரு குறையும் வைக்கவில்லை அந்தப் போலிக்காரன். அகலம், தடிமன், டிராகனின் செதில் எல்லாம் சரி. எடையை மட்டும் அவனால் செய்ய முடியவில்லை.

அதற்கப்புறம் வாங்கிய ஒரே பெரிய காசு 1898 நிக்கோலாய் ரூபிள், 4,600 ரூபாய். எட்டு மாதம் சேர்த்தார். இந்தத் தடவை தராசும் டம்ளரும் கண்காட்சிக்கே போயின; ஒரு டீக்கடை பெஞ்சில் வைத்துச் சோதித்தோம். எடை 19.87, தண்ணீரில் 1.93, வகுத்தால் 10.3. விளிம்பை லென்ஸில் சுற்றிப் படித்தார்: சுத்த வெள்ளி 4 ஸோலோத்னிக் 21 தோல்யா, அதாவது 18 கிராம், அப்புறம் அடைப்புக்குறிக்குள் அச்சக அதிகாரியின் இரண்டு எழுத்து. போலிகளில் பெரும்பாலும் இந்த விளிம்பு எழுத்துதான் மழுங்கிக் கிடக்கும். சில ரூபிள்களில் அந்த எழுத்துக்குப் பதிலாக நட்சத்திரம் இருக்கும். 1896 முதல் 1899 வரை ஒரு பகுதியைப் பாரிஸிலும் பிரஸ்ஸல்ஸிலும் அடித்து வாங்கினார்கள். பாரிஸுக்கு ஒரு நட்சத்திரம், பிரஸ்ஸல்ஸுக்கு இரண்டு. இவருடையதில் நட்சத்திரம் இல்லை. வெள்ளி மலிவாக வேண்டும் என்பவருக்கு 1924இன் அரை ரூபிள் இன்னும் நல்ல பேரம். பட்டறையில் சம்மட்டியோடு ஒரு கொல்லன், ஒன்பது கிராம் சுத்த வெள்ளி. 1,350க்கு வாங்கினார். அதன் விளிம்பில் தாமஸ் ராஸ் என்பவரின் முதலெழுத்துகள். சோவியத் அரசு ஒரு பங்கை லண்டனில் அடிக்கக் கொடுத்திருந்தது.

2022 மார்ச்சுக்குப் பிறகு ரஷ்யாவிலிருந்து நேராக வாங்கும் வழி அடைபட்டது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் அங்கே நின்றுபோயின. நோட்டில் 2022இல் ரஷ்யக் காசு நான்குதான், எல்லாம் உள்ளூர்த் தட்டிலிருந்து. வெளிநாட்டு விற்பனையாளரிடம் பழைய காசு வாங்குவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நூறு வருடம் தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அனுமதி இல்லாமல் இந்தியாவைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. பிடிக்கவில்லை, திருப்பி அனுப்புகிறேன் என்று சொல்ல முடியாது.

2023 மே மாதம் அண்ணாச்சி ஓய்வு பெற்றார். ஐநூறு ரூபாய் வரம்பு முந்நூறு ஆகிவிட்டது. கண்காட்சி எங்கே நடந்தாலும் போவார், முதல் வேலையாக எந்த வியாபாரியின் மேசைக்கும் போய்ச் சட்டைப் பையிலிருந்து அந்த டிராகன் யென்னை எடுத்துத் தராசில் வைக்கச் சொல்வார். போன தடவை நான் கூட இருந்தேன். இளவட்டப் பையன் ஒருவன் காசைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இது டூப்ளிகேட் அங்கிள். யாரோ ஒங்கள ஏமாத்திட்டாங்க."

"அது எனக்குத் தெரியும்டே. நீ எடையச் சொல்லு."

"இருபத்திரண்டு புள்ளி நாப்பத்தி ஏழு."

"ஆங், தராசு சரிதான். இனி ஒன் காசக் காட்டு."